தூலி போடாத குட்டிக்கரணம்

லா வாக்கா பேட்டையில் வந்து ஓப்துலியா லகூனெஸ் வீடு எது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். தூலி என்று கேட்டால் உடனே பச்சை மரவீட்டைக் கை காட்டுவார்கள். முன்னறையில் பியூட்டி பார்லர், பின்னால் குடித்தனம். புருஷன் குமாரோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். மெக்சிகோவின் இந்த வெராக்ரூஸ் ஊரில் பாதிக் கல்யாணப் பெண்களுக்குக் கொண்டை போட்ட கை தூலியுடையது.

அப்படி ஒரு கல்யாணப் பெண்ணுக்குக் கொண்டை போட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்த வியாதி வந்தது. வாயில் ஹேர்பின்களைக் கடித்தபடி நின்றவளுக்குத் திடீரென்று கண்ணாடி இடது பக்கம் ஓடியது. பின்னாலேயே சுவர், மின்விசிறி, மணப்பெண் எல்லாம் ஓடின. நாற்காலியைப் பிடிக்கப் போய் பெண்ணின் தலையைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். நல்லவேளை, பின்களை விழுங்கவில்லை.

உள்காதில் கோளாறு என்றார் டாக்டர். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் போகும், வரும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. தலையைச் சட்டென்று கவிழ்க்காதே, அண்ணாந்து பார்க்காதே, ஏணியில் ஏறாதே. ஊருக்கெல்லாம் தலை அலசிவிடுகிறவள், தன் கடைத் தொட்டியில் தான் தலை சாய்க்க முடியாமல் போனாள். வீட்டுக்குள் நடக்கும்போதுகூட ஒரு கை சுவரைத் தடவிக்கொண்டே போகும்.

நான் வேலை பார்க்கும் மருந்துக் கடையில்தான் அவள் மாத்திரை வாங்குவாள். அப்படித்தான் எங்களுக்குள் பழக்கம். நான் காலையில் நகராட்சி நீச்சல் குளத்துக்குப் போகிறவள் என்று தெரிந்து, "நோயெமி, தண்ணிக்குள்ள தலை சுத்துமா?" என்று ஒருநாள் கேட்டாள். எனக்கென்ன தெரியும்? "வந்து பாரு" என்றேன்.

வந்து பார்த்தாள். சிறுவயதில் கடலில் குதித்து விளையாடியவளுக்கு நீச்சல் மறந்திருக்கவில்லை. குப்புறப் படுத்து, குளத்தின் அடியில் போட்டிருக்கும் கறுப்புக் கோட்டைப் பார்த்தபடி ஒரு முறை போய்விட்டு வந்தாள். நீச்சல் கண்ணாடியைக் கழற்றியபோது முகமே வேறாக இருந்தது.

"அடியே, நின்னு போச்சுடி."

"என்னது?"

"எல்லாமே. கோடு கோடாவே இருக்கு. எங்கயும் ஓடல."

அதற்குப் பிறகு அவளை யாரால் நிறுத்த முடியும்? கடை திறப்பதற்கு முன் தினமும் வந்துவிடுவாள். எங்கள் குழுவோடு சேர்ந்து நீந்தினாள், நாங்கள் சைக்கிள் மிதித்த ஞாயிற்றுக்கிழமைகளில் கூடவே மிதித்தாள். ஒவ்வொரு மே மாதமும் வில்லா டெல் மார் கடற்கரையில் ட்ரையத்லான் நடக்கும். கடலில் நீந்தி, சைக்கிள் ஓட்டி, கடைசியில் ஓடி முடிக்க வேண்டும். இந்தத் தடவை தானும் போகப் போவதாக அறிவித்தாள். ஏன் இந்த வீம்பு என்று கேட்டேன்.

"அஞ்சு வருஷமா எங்க போனாலும் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டே போறேன் நோயெமி. பிடிக்க ஒண்ணுமே இல்லாத எடத்துக்கு ஒரு தடவை போயிட்டு வரணும்."

வில்லங்கம் எங்கள் பயிற்சியாளர் ஃபெர்மின் உத்ரேராவிடமிருந்து வந்தது. மலையூரான ஒரிசாபாவிலிருந்து வந்தவர். தூலியைவிடப் பத்து வயது சின்னவர். குளத்தில் அவர் நீந்துவதைப் பார்க்க வேண்டும். சுவர் நெருங்கியதும் தண்ணீருக்குள் ஒரு குட்டிக்கரணம் போட்டு, இரண்டு பாதங்களாலும் சுவரை உதைத்து, அம்பு மாதிரி புறப்படுவார். துளி தெறிக்காது. அந்தத் திருப்பத்தைக் கற்றுக்கொள்ளாதவர்களை அவர் போட்டிக்கு அனுப்புவதில்லை என்பது குழுவின் எழுதாத சட்டம். தூலியோ ஒவ்வொரு முறையும் கையால் சுவரைத் தொட்டுத்தான் திரும்புவாள்.

"தோன்யா தூலி, மறுபடியும் நின்னுட்டீங்க" என்பார், மரியாதைக்கு ஒரு 'தோன்யா' சேர்த்து.

"நிக்கல மாஸ்டர். தொட்டுட்டுத் திரும்பறேன்."

"தொட்டு, மூச்சு வாங்கி, கண்ணாடியைச் சரி பண்ணி, செலெரினோகிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டுத் திரும்பறீங்க."

"என்னைய ஏன் இழுக்கறீங்க?" என்றான் அவளுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த செலெரினோ. போக்கா டெல் ரியோவில் மீன் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவன். தொந்தியும் வாயும் அவனுக்கு முன்னால் வந்து சேரும். "அவங்க திரும்பற எடத்துல என் மூக்கு வந்து முட்டுது. பேச எங்க நேரம்?"

நீச்சல் முடிந்து காப்பிக் கடையில் உட்கார்ந்தால் இதே பேச்சுதான். கரண்டியால் கிளாஸைத் தட்டி, காப்பிக்குப் பால் ஊற்றுகிறவனைக் கூப்பிடுகிற சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திச் சண்டை போட்டோம்.

"கடல்ல எங்கய்யா சுவரு?" என்றான் செலெரினோ. "மெக்சிகோ வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் ஃப்ளோரிடால இருக்கு. அங்க போய்க் குட்டிக்கரணம் போட்டுட்டுத் திரும்பி வரணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஃபெர்மின் சிரிக்கவில்லை. "சுவர் இல்லைங்கறதாலதான் சொல்றேன். குளத்துல ஒவ்வொரு முனையிலயும் தொட்டு நிக்கறவங்க உண்மையில நெடுந்தூரம் நீந்தல. குட்டிக் குட்டியா நீந்தி, நடுநடுவுல ஓய்வெடுக்கறாங்க. கடல்ல அந்த ஓய்வு கிடைக்காது. கரணம் போடறவனுக்கு மூச்சடக்கவும் பழகும், நிக்காம போகவும் பழகும். அலை புரட்டிப் போட்டாலும் பதறமாட்டான்."

எனக்கு அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. செலெரினோவின் கேள்வியும் நியாயமாகத்தான் பட்டது. தூலி கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"மாஸ்டர், நீங்க கடல் போட்டியில எத்தனை தடவை நீந்தியிருக்கீங்க?"

அவர் காது சிவந்தது. "அது இப்ப எதுக்கு?" என்று எழுந்து பணத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார். அப்போதுதான் எங்களுக்கும் உறைத்தது. இத்தனை வருஷமாக அவர் விசிலோடு கரையில் நின்றதைத்தான் பார்த்திருக்கிறோம்.

எதிர்க்கேள்வி கேட்டாளே தவிர, தூலி கற்றுக்கொள்ள முயற்சி பண்ணாமல் இல்லை. முதலில் டாக்டரிடம் போனாள். "தலைகீழா கவுந்தா சுத்தும், அவ்வளவுதான். சாக மாட்டீங்க. ஆனா தண்ணிக்குள்ள பக்கத்துல ஆள் இல்லாம செய்யாதீங்க" என்றார். அந்த ஆள் நான். குழு போன பிறகு, இடுப்பளவுத் தண்ணீரில் அவள் முதுகுக்குப் பக்கத்தில் நிற்பேன். அவள் தாடையை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு உருளுவாள். பாதி உருண்டதும் கையும் காலும் நாலு திசையில் அடிக்கும். நான் தூக்கி நிறுத்துவேன். மூக்கில் தண்ணீர் ஏறி இருமுவாள். கண் இரண்டும் பக்கவாட்டில் துடித்துக்கொண்டிருக்கும். பார்க்க எனக்கே பயமாக இருக்கும்.

"போதும்டி, விட்டுடு."

"இன்னொரு தடவை."

ஏழெட்டு நாள் போயிருக்கும். ஒரு காலை அவள் உருண்டாள், வழக்கம்போல் தடுமாறினாள், ஆனால் கைகாலை அடிக்கவில்லை. நான் குனிந்து பிடிக்கப் போக, என் கையைத் தள்ளிவிட்டாள். முடங்கிய நிலையிலேயே அசையாமல் கிடந்தாள். மூக்கிலிருந்து குமிழிகள் மட்டும் வந்தன. மெல்ல முதுகு மேலே வந்தது, அப்புறம் தலை. கண்ணை மூடிக்கொண்டே பேசினாள்.

"எது மேல, எது கீழன்னு தேடக் கூடாது நோயெமி. தேடினா இன்னும் வேகமா சுத்துது. சும்மா கிடந்தா தண்ணியே கொண்டுவந்து மேல போடுது."

"கரணம்?"

"அது வராதுடி. இந்தக் காதை வச்சுக்கிட்டு வராது."

இதை அவள் ஃபெர்மினிடம் போய் நேரடியாகச் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். "அப்ப இந்த வருஷம் வேண்டாம் தோன்யா. உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் குமாரோ முகத்துல எப்படி முழிக்கறது?"

"சுவத்துல ஓய்வெடுக்கறேங்கறதுதானே உங்க குறை?"

"ஆமா."

"நாளைக்கு நான் சுவத்தையே தொடாம நீந்திக் காட்டறேன். கையாலயும் இல்ல, காலாலயும் இல்ல. போட்டியில எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம்."

மறுநாள் ஓரப்பாதையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தோம். தூலி சுவருக்கு இரண்டு முழம் முன்பே வளைந்து, தண்ணீரிலேயே சிறு வட்டம் போட்டுத் திரும்பினாள். உதைத்துப் புறப்படச் சுவர் இல்லாததால் ஒவ்வொரு முறையும் நின்ற இடத்திலிருந்து மறுபடி வேகம் பிடிக்க வேண்டும். பார்க்க அழகாகவே இல்லை. பக்கத்துப் பாதையில் செலெரினோ தானும் செய்து பார்க்கிறேன் என்று கிளம்பி, நாலாவது திருப்பத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மாதாவைக் கூப்பிட ஆரம்பித்தான். அவள் மட்டும் போய்க்கொண்டே இருந்தாள். கடைசியில் ஏணியைப் பிடித்து ஏறி வந்தாள். ஃபெர்மின் தன் துண்டையே எடுத்துக் கொடுத்தார்.

"பேரைக் கொடுத்துடறேன். ஆனா கரணம் பத்தி நான் சொன்னதுல மாத்தம் இல்ல."

"இருக்கட்டும் மாஸ்டர்."

போட்டி நாளில் வாடை ஓய்ந்து வெகுநாளாகியிருந்தது. கடல் தட்டையாக, பழுப்பும் பச்சையுமாக, வெதுவெதுவென்று கிடந்தது. விடிந்ததுமே வெயில் முதுகைச் சுட்டது. குமாரோ மடக்கு நாற்காலியும் பிக்காதா அடைப் பொட்டலமும் கொண்டுவந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். "ஏய் கிழவி, தூரமாப் போயிடாத. கிரேன் லீவுல இருக்கு, தூக்கிட்டு வர முடியாது" என்று கத்தினான். தூலி அவனைப் பார்த்து வாய்க்குள்ளேயே ஏதோ கெட்ட வார்த்தை சொன்னாள்.

கொம்பு ஊதியதும் இறங்கினோம். நானும் போட்டியில் இருந்ததால் முதல் மிதவை வரை அவளுக்குப் பக்கத்திலேயேதான் நீந்தினேன். நேர்க்கோட்டில் எந்தக் குறையும் இல்லை. மிதவையைச் சுற்ற வேண்டிய இடத்தில்தான் எல்லோரும் ஒரே நேரத்தில் குவிந்தார்கள். ஒருவர் காலில் ஒருவர் முகம். என்னை ஒரு அலை வெளியே தள்ளியது. திரும்பிப் பார்த்தபோது தூலியின் மஞ்சள் தொப்பியைக் காணவில்லை.

அதன்பின் நடந்ததை அவள்தான் சொன்னாள். ஒரு பெரிய ஆள் பின்னாலிருந்து அவள் மேலேயே ஏறியிருக்கிறான். முழங்கை காதில் இடித்தது. அடுத்த நொடி அவள் தண்ணீருக்குள் புரண்டாள். காதுக்குள் அந்தப் பழைய சக்கரம் சுழல ஆரம்பித்தது. கண்ணைத் திறந்தால் பச்சை, மூடினாலும் பச்சை. வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. கை நீந்தப் பார்த்தது, ஆனால் எந்தப் பக்கம்?

"அப்ப நம்ம குளம் ஞாபகம் வந்துச்சு" என்றாள். "கையை நெஞ்சோட கட்டிக்கிட்டேன். மூக்கால மூச்சை விட்டேன். மேல ஆளுங்க போய்க்கிட்டே இருந்தாங்க, ஒருத்தன் என் முதுகுல உதைச்சான். உதைச்சுட்டுப் போன்னு கிடந்தேன். முதுகுல வெயில் பட்டதும்தான் வந்துட்டேன்னு தெரிஞ்சுச்சு."

காவலுக்கு நின்ற துடுப்புப் படகில் ஒரு பெண் இருந்தாள். தூலி அந்தப் படகின் முனையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். "கரைக்குக் கொண்டுபோகட்டுமா அம்மா?" என்று கேட்ட பெண்ணிடம் விரலை ஆட்டினாள். நான் அதற்குள் திரும்பி வந்திருந்தேன்.

"நீ போடி. உன் போட்டி கெட்டுடும்."

"போட்டி கிடக்குது. உன்னால முடியுமா?"

"சுத்தறது குறையட்டும். போயிடுவேன்."

கூட்டம் முழுக்கப் போய் முடிந்தது. கடல் எங்கள் இரண்டு பேருக்காக மட்டும் இருந்தது. தலையைத் தண்ணீருக்கு மேலேயே வைத்து, தவளை மாதிரி, அடுத்த மிதவையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் நீந்தினாள். நான் பக்கத்தில் வந்தேன். கடைசி ஆளாகக் கரை சேர்ந்தோம். மணல் தட்டியதும் எழுந்து நிற்கப் போனாள், முடியவில்லை. கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழ்ந்து வந்தாள். கரையில் இருந்தவர்கள் அது களைப்பு என்று நினைத்துக் கைதட்டினார்கள். குமாரோ மட்டும் நாற்காலியைத் தட்டிவிட்டு ஓடி வந்தான்.

"என் சைக்கிள்" என்றாள் தூலி.

"பைத்தியமா உனக்கு?"

"சைக்கிள் எங்கடா?"

யார் சொல்லியும் கேட்கவில்லை. சைக்கிள்கள் மாட்டியிருந்த கம்பி வரை வந்து, தன் வண்டியைப் பிடித்து ஏறப் போனாள். வண்டி ஒரு பக்கம் போனது, அவள் மறுபக்கம் போனாள். மிச்சமிருந்த இரண்டு மூன்று சைக்கிள்களும், விளம்பரப் பலகையும், வாழைப்பழம் அடுக்கியிருந்த மேஜையும் அவளோடு சரிந்தன. யாரோ சிரித்தார்கள். அப்போதுதான் அவள் உடைந்து அழுதாள்.

முதலுதவிக் கூடாரத்தில் படுக்க வைத்தோம். காதில் மருந்து வைத்து, ஊசி போட்டார்கள். குமாரோ ஐஸ் தேடிப் போனான். ஃபெர்மின் வாளியோடு வந்து தரையில் உட்கார்ந்தார். அவள் வாந்தி எடுக்கும்போதெல்லாம் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்பார் என்று நான் காத்திருந்தேன். அவரோ அவளைப் பார்க்காமல் வேறொன்று பேசினார்.

"அன்னிக்குக் கேட்டீங்களே தோன்யா, கடல்ல எத்தனை தடவைன்னு. ஒரே ஒரு தடவை. இருபத்தி ரெண்டு வயசுல. குளத்துல என்னை ஜெயிக்க ஆள் கிடையாது. இதே மாதிரி முதல் மிதவை. யாரோ ஒருத்தன் கால் என் கழுத்துல விழுந்துச்சு. ஒரு நிமிஷம்கூட இருக்காது. திரும்பிக் கரைக்கு வந்துட்டேன். கரணமெல்லாம் அப்பவும் எனக்கு நல்லாத் தெரியும்."

தூலி கண்ணைத் திறக்கவில்லை. "அப்புறம் ஏன் எல்லாரையும் அதைப் போடச் சொல்லி உயிரை எடுத்தீங்க?"

"எனக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரிஞ்சது அதுதானே. அது தெரிஞ்சா உங்களுக்கெல்லாம் அந்த மாதிரி ஆகாதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

அவள் கையை நீட்டினாள். எதையோ பிடிக்கத்தான் நீட்டினாள், அவர் கைதான் அகப்பட்டது. அப்படியே இருந்தார்கள், குமாரோ ஐஸோடு வரும்வரை.

காப்பிக் கடையில் அந்தச் சண்டை அதோடு தீர்ந்துவிடவில்லை. கரணம் தெரிந்திருந்தால் புரண்டபோது பதறியிருக்க மாட்டாள் என்று ஒரு கட்சி. அவள் பதறவே இல்லையே என்று இன்னொரு கட்சி. கரணம் வராமல் தோற்றுப் போன அந்த நாட்களால்தானே பதறவில்லை, அப்படியானால் அது கரணத்துக்கு ஆதரவா எதிர்ப்பா என்று செலெரினோ கேட்டு வைத்தான். குழுவுக்குப் புதிதாக வந்த கல்லூரிப் பெண் ஒருத்தி தூலியிடமே கேட்டாள்.

"கடல்ல நீந்த அது வேணுமாக்கா?"

"கடலுக்கு வேணாம்மா. குளத்துல உனக்குப் பின்னாடி வர்றவனுக்கு வேணும். பாரு, அவன் மூக்கை."

ஃபெர்மின் தன் சட்டத்தைக் கைவிட்டார். விரும்புகிறவர்களுக்குக் கரணம், மற்றவர்களுக்கு வாரம் ஒருநாள் சுவரைத் தொடாத நீச்சல். எங்கள் பாதையில் தூலி கடைசி ஆளாகப் போக ஆரம்பித்தாள். செலெரினோவின் மூக்கு பிழைத்தது.

காது முழுசாகத் தெளிய மழைக்காலம் வந்துவிட்டது. சைக்கிள் இனி வேண்டாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தூலி சைக்கிளைத் தன் அண்ணன் மகளுக்குக் கொடுத்தாள். கொடுத்த அன்று கடையை மூடிவிட்டுப் படுத்துக்கொண்டாள் என்று குமாரோ சொன்னான். அடுத்த மே மாதத்துக்கு முன் நான்தான் அந்த யோசனையைச் சொன்னேன். மூன்று பேர் சேர்ந்து ஒரு அணியாகப் போகலாம். ஒருவர் நீந்தலாம், ஒருவர் சைக்கிள், ஒருவர் ஓட்டம்.

"நீந்தறது நான். சைக்கிள் நீ. ஓடறது யாரு?" என்றாள்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஃபெர்மினைப் பார்த்தோம்.

"நானா? நான் நீச்சல்காரன்!"

"கடல்ல இறங்கச் சொல்லலையே மாஸ்டர். ரோட்டுலதான். ரோட்டுல பயமில்லையே?"

மே வந்தது. இந்த முறை அவள் கூட்டத்தோடு போகவில்லை. எல்லோரும் பாய்ந்த பிறகு, நிதானமாக இறங்கி, மிதவைகளை அகலமாக, தனியாகச் சுற்றினாள். தூரம் கூடத்தான் கூடியது. கரையேறும்போது இரண்டு காலிலும் நின்றாள். என்னை நோக்கி நடந்தே வந்து, கணுக்காலில் கட்டியிருந்த, நேரம் குறிக்கும் பட்டையை அவிழ்த்து என் காலில் கட்டினாள். அவள் விரல்கள் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன. "சீக்கிரம் போ, முன்னாடி நிறைய கிழவிங்க போயிட்டாளுங்க" என்று முதுகில் ஒரு அடி வைத்தாள்.

நான் என்னால் முடிந்தவரை மிதித்தேன். ஃபெர்மின் ஓடியதைப் பற்றி அதிகம் சொல்லாமல் இருப்பது மரியாதை. கடைசி வளைவில் அவர் நொண்டிக்கொண்டு வந்தார். செலெரினோ ஒரு குச்சி ஐஸை அவர் முகத்துக்கு முன்னால் நீட்டியபடி கூடவே ஓடினான். விதிப்படி அணியின் மூன்று பேரும் சேர்ந்தே கோட்டைத் தாண்டலாம் என்பதால் நானும் தூலியும் அவரை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டோம். எத்தனையாவது இடம் என்று நாங்கள் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். தூலி ஃபெர்மினை மேலும் கீழும் பார்த்தாள்.

"இந்தத் தலையோட போட்டோவுக்கு நிக்கப் போறீங்களா? காக்கா கூடு மாதிரி இருக்கு. எவன் வெட்டினான்?"

"நானேதான் வெட்டிக்கறேன் தோன்யா."

"அடக் கடவுளே. குமாரோ, சீப்பை எடு."

படம் எடுப்பவன் காத்திருந்தான். பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். தூலி உப்புக் கையோடு அவர் தலையை வாரத் தொடங்கினாள். வகிடு நேராக வருவதற்குள் படம் எடுப்பவன் அலுத்துப்போய் அடுத்த ஆளிடம் போய்விட்டான்.